சாம்பல்சத்து: அதிகம்

1. ஒரே மண்

2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். அரூரில் நான் வேலை பார்த்த மண் பரிசோதனை மையத்தின் முன்னறை. மற்ற ஊழியர்கள் முன்னிலையில் பொறுப்பாளர் சிவராஜ் சார் ஒரு கட்டுத் தாள்களை என் மேசைமீது வைத்தார். சித்தேரி மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து முந்தைய வாரம் நான் வாங்கி வந்திருந்த இருபத்திரண்டு மண் மாதிரிகளின் முடிவுகள் அவை.

“ஏம்மா, உண்மையச் சொல்லு. எல்லாப் பையும் ஒரே எடத்துல ரொப்பிட்டு வந்துட்டியா?”

“இல்லைங்க சார்” என்று சொன்னேன்.

முதுகலைத் தமிழ் இலக்கியத்தில் முதலாண்டுத் தேர்வு முடிந்து, கல்லூரி திறக்கும்வரை அந்த மையத்தில் தற்காலிகப் பணியில் இருந்தேன். இந்தக் குறிப்பை அடுத்த கோடையில் அதே மேசையில் உட்காரப்போகும் மாணவிக்காக எழுதுகிறேன். வேலை எளியதுதான். ஊருக்குப் போய், மண் எப்படி எடுக்க வேண்டும் என்று விளக்கித் துணிப்பைகளைக் கொடுக்க வேண்டும். விவசாயிகள் நிரப்பி வைத்த பைகளை இரண்டொரு நாளில் வாங்கி வர வேண்டும். ஆய்வுக்கூடம் தரும் எண்களை அவர்களுக்குப் புரியும் தமிழில் கார்டில் எழுத வேண்டும். மூன்றாவது வேலைக்காகத்தான் என்னைச் சேர்த்திருந்தார்கள்.

சார் தாள்களை விசிறிபோல விரித்தார்.

“பாரு. பொட்டாஷ் எல்லாத்துலயும் ‘அதிகம்’. மண்ணோட காரத்தக் காட்டற பி.எச். எல்லாத்துலயும் எட்டுக்கு மேல. வருஷா வருஷம் குச்சிக்கெழங்கு போடற ஊரும்மா அது. கெழங்கு மண்ணுல இருக்கற பொட்டாஷ உறிஞ்சி எடுத்துக்கும். அங்க பொட்டாஷ் அதிகம்னு வந்தா, ஒண்ணு மிஷின் பொய் சொல்லணும், இல்ல பை கொண்டாந்த ஆளு பொய் சொல்லணும். மிஷின ரேவதி நேத்தே செக் பண்ணிட்டா.”

அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. எனக்கு முந்தைய ஆண்டு அந்த வேலையில் இருந்த ஒருவர், ஊர் ஊராக நடக்கச் சோம்பி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறமிருந்த காலி இடத்திலேயே எல்லாப் பைகளையும் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். கார்டுகளும் அச்சாகி ஊருக்குப் போய்விட்டன.

“அந்த ஊர்க்காரங்க மொகத்துல நான் இன்னைக்கும் முழிக்க முடியல. மறுபடி அப்படி ஒரு கார்டு இங்கிருந்து போகாது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்குப் பதில் வேணும். இல்லன்னா அந்த ஊரையே இந்த சீசன் லிஸ்ட்ல இருந்து எடுத்துடறேன். நீயும் வர வேணாம்.”

ஊரை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலையில் அந்த ஊரார் சேர்ந்து ஒரு வண்டி வைத்து, அரூரிலிருந்து நடவுக்கான உரம் எடுத்துப்போக ஏற்பாடு செய்திருந்தார்கள். எங்கள் கார்டைப் பார்த்த பிறகே எந்த உரம் என்று முடிவு செய்வதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். கார்டு போகாவிட்டால் வழக்கம்போல ஒன்றை வாங்குவார்கள். இருக்கிறபடியே கார்டு போனால், ‘பொட்டாஷ் தேவையில்லை’ என்று நம்பி அதை விட்டுவிடுவார்கள். பொட்டாஷ் போதாத குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பருக்காது. மாவுச்சத்து எத்தனை ‘பாயிண்ட்’ என்று பார்த்து எடுக்கும் ஆலைகளில் அதற்கு மதிப்பும் கிடைக்காது.

2. பையில் மிஞ்சியது

முதலில் பச்சியம்மாள் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அந்த ஊரில் எனக்கு நன்கு அறிமுகமானவர் அவர்தான். கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பதால், இரண்டு ஏக்கர் நிலத்தைத் தனியே பார்த்துக்கொள்பவர். மண் எடுக்கும் கூட்டத்துக்கு ஊரைத் திரட்டியவரும் அவரே.

“அக்கா, மண்ண எங்க எடுத்தீங்க?”

“நெலத்துலதான் பாப்பா. பின்ன ரோட்டுலயா எடுப்பாங்க?”

ஃபோனை வைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குள் போனேன். டெக்னீஷியன் ரேவதி அக்கா குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்ன புலவரே, மொகம் செத்துப்போச்சு? சார் டோஸ் குடுத்தாரா?”

“அக்கா, பைல மிச்சமிருக்கற மண்ணப் பாக்கலாமா?”

“பாரு. பாட்டெல்லாம் எழுதக் கூடாது.”

சோதனைக்குச் சல்லடையில் சலித்த மண்தான் போகும். சலிக்காத மிச்சம் பைகளிலேயே இருந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கைப்பிடியை வெள்ளைத் தாளில் வரிசையாகக் கொட்டினேன். சில செங்கற்பொடி நிறம். சில கருமை கலந்தவை. சிலவற்றில் பாதி சரளை. ஒரே இடத்து மண் இப்படி மூன்று விதமாக இருக்காது. நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு எனக்கு அதுவே போதும். சாருக்குப் போதாது.

“கலர வெச்சிக்கிட்டு சார்கிட்ட வாதாட முடியாதும்மா. அவரு நம்பர் கேப்பாரு” என்றார் ரேவதி அக்கா.

எங்கள் வகுப்பில் சுவடிப் பதிப்பு பற்றிய ஒரு தாள் உண்டு. இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை என்று கொள்வார்கள். சார் செய்தது அதே அனுமானம்தான். முறையாகப் பார்த்தால் தவறில்லை. ஆனால் அந்தப் பாடத்தின் மற்றொரு பகுதியும் என் நினைவுக்கு வந்தது. ஒருவர் சுவடியை ஒருவர் பார்க்காமலே, ஒரே பழக்கம் உள்ள இரண்டு எழுத்தர்கள் ஒரே பிழையைச் செய்துவிடலாம். அப்படியானால் நான் தேட வேண்டியது பொதுவான இடத்தை அல்ல, பொதுவான பழக்கத்தை.

குவியல்களை விரலால் கிளறினேன். சரளை, வேர், காய்ந்த புல். அவற்றோடு கரித்துணுக்குகள். மிளகளவு, சில இடங்களில் சுண்டுவிரல் நகத்தளவு. செம்மண்ணிலும் இருந்தன, கருமண்ணிலும் இருந்தன, கரி இல்லாத குவியல் ஒன்றுகூட இல்லை.

மேசையின் ஓரத்தில், நான் எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்திய கார்டு கிடந்தது. ‘சாம்பல்சத்து: அதிகம்.’ இயந்திரம் அதை ஓர் ஆங்கில எழுத்தால் குறிக்கும். சார் பொட்டாஷ் என்பார். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கார்டில் மட்டும்தான் அது சாம்பல்சத்து. தழை, மணி, சாம்பல் என்று நாள் முழுவதும் எழுதியும், அந்தச் சொல்லுக்குள் சாம்பல் இருப்பதை நான் அதுவரை கவனித்ததில்லை.

“அக்கா, அடுப்புச் சாம்பல்ல பொட்டாஷ் இருக்குமா?”

“பின்ன? அதுக்குத்தான் அந்தப் பேரு. சாம்பலக் கொட்டுனா பொட்டாஷும் ஏறும், பி.எச்சும் ஏறும்.”

“அப்ப இருபத்திரண்டு பேரும் நிலம் முழுக்கச் சாம்பல் கொட்டியிருப்பாங்களா?”

“ரெண்டு ரெண்டு ஏக்கருக்குச் சாம்பல் வேணும்னா ஊரையே இல்ல கொளுத்தணும்?”

ஆகவே நிலம் முழுவதும் அல்ல. ஒவ்வொரு நிலத்திலும் சாம்பல் சேரும் ஏதோ ஓர் இடம். எல்லோரும் மண்வெட்டியோடு தாமாகப் போய் நின்ற இடம். சாரிடம் ஊருக்குப் போய்வர அனுமதி கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் அசைத்தார்.

3. எடுத்துக் காட்டுங்கள்

சித்தேரி பஸ்ஸில் மலையடிவாரத்தில் இறங்கியபோது உச்சி வெயில். பச்சியம்மாள் அக்கா வரப்பில் உட்கார்ந்து, நடவுக்கான மரவள்ளிக் குச்சிகளை ஒரு சாணளவுக்கு நறுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த நிலத்துக்காரரும் அவருடைய கொழுந்தனாருமான சின்னக்கண்ணு எதிரில் குந்தியிருந்தார்.

“என்ன பாப்பா, இந்த வெயில்ல? ரிசல்ட்டு வந்துருச்சா? பாஸா பெயிலா?”

“பாஸ்தாங்க அக்கா. அதுதான் சங்கடம்.”

“பாஸானா சங்கடமா? கேட்டியா சின்னக்கண்ணு. ஒன்னப் பத்தாவதுல இவுங்ககிட்ட அனுப்பியிருக்கணும்.”

“நானும் சங்கடமில்லாமத்தான் பெயிலானன், அண்ணி” என்றார் சின்னக்கண்ணு.

எங்கே எடுத்தீர்கள் என்று மறுபடி கேட்டால் ‘நெலத்துலதான்’ என்றே மறுபடி பதில் வரும். எனவே வேறு விதமாகச் சொன்னேன்.

“அக்கா, அன்னைக்கு எடுத்த மாதிரியே இன்னொரு தரம் எடுத்துக் காட்டுங்க. நான் எதுவும் சொல்லாம பாத்துக்கிட்டு நிக்கறேன்.”

“அவ்ளோதான? வா.”

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் முன்னே நடந்தார். உழுது கிடந்த நிலத்தின் நடுவில் இறங்கவே இல்லை. வரப்பைப் பிடித்தே போய், வடகிழக்கு மூலையை அடைந்ததும் செருப்பைக் கழற்றினார். பிறகு வரப்பிலிருந்து நாலைந்து அடி உள்ளே தள்ளிக் குனிந்து, கூட்டத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் நான் செய்து காட்டியபடியே, ‘வி’ வடிவில் ஒரு குழி வெட்டினார். குழியின் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுத்தார். இரண்டடி தள்ளி அடுத்த குழி. அடுத்தது வளைந்து இடப்பக்கம். முறையில் எள்ளளவும் பிழை இல்லை. ஆனால் எல்லாக் குழிகளும் ஒரு கயிற்றுக் கட்டில் போடும் அளவு இடத்துக்குள் அடங்கின.

“பத்து எடத்துல எடுக்கணும், நேரா எடுக்காம வளைஞ்சு வளைஞ்சு போவணும்னு நீதான சொன்ன? எண்ணிக்கோ” என்றார்.

குழிகளை ஒட்டிக் கரி படிந்த மூன்று கற்கள் இருந்தன. அவற்றைச் சுற்றி மண் வெளிறிச் சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு கல்லில் காய்ந்த மஞ்சள் பூச்சு.

“இங்க பொங்கல் வெப்பீங்களா அக்கா?”

“சனி மூல இல்ல? இங்கதான் வெப்போம். வெதைக்கறதுக்கு முன்னால ஒண்ணு, அறுத்தப்பறம் ஒண்ணு. எங்க மாமனாரோட அப்பா காலத்துலயிருந்து இந்தக் கல்லுதான்.”

வடகிழக்கு மூலையை அங்கே சனி மூலை என்கிறார்கள். உழவின் முதல் சாலும் விதைப்பின் முதல் கைப்பிடியும் அங்கிருந்துதான் தொடங்கும் என்பது எனக்கும் தெரிந்ததே. மண் எடுப்பதும் அங்கிருந்துதான் தொடங்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

“எல்லாருமே சனி மூலையிலதான் எடுத்தீங்களா?”

“பின்ன? நெலத்து மண்ண வெளியாள் கையில குடுக்கறதுன்னா சும்மாவா? சாமி எடத்துல எடுத்து, சூடம் கொளுத்திக் கும்புட்டுட்டு ஊரோட குடுத்தோம்” என்றார் அக்கா.

சின்னக்கண்ணு குறுக்கிட்டார். “அதுவும் டெஸ்ட்டுக்குன்னு போவுது. நல்ல மண்ணத்தான அனுப்பணும்? பொண்ணு பாக்க வர்றவங்க முன்னால அழுக்குச் சீலையோடவா கொண்டாந்து நிறுத்துவாங்க?”

என்னிடம் இருந்த அச்சுத் தாளில், மண் எடுக்கக் கூடாத இடங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு: வரப்போரம், மர நிழல், எருக்குவியல், கிணற்றோரம். அதில் சனி மூலை இல்லை. தாளை எழுதியவர்களுக்கு அது நிலத்தின் நான்கு மூலைகளில் ஒன்று, அவ்வளவுதான். இந்த ஊரார் பட்டியலில் இருந்த ஒவ்வொரு இடத்தையும் தவிர்த்திருந்தார்கள். தவிர்க்கச் சொல்லாத இடங்களில் ஆகச் சிறந்ததைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

நான் இருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் வைத்த சாம்பல் அந்த மூலையில் சேர்ந்திருக்கிறது. அந்த மூலைக்குப் பொட்டாஷ் வேண்டாம் என்பது உண்மை. மற்ற நிலத்துக்கு என்ன வேண்டும் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.

பச்சியம்மாள் அக்கா மண்வெட்டியை ஊன்றி நின்றார். “போன வருசம் கெழங்கு வெரல் தண்டிதான் புடிச்சிது பாப்பா. ஆலைக்காரன் ஒடச்சுப் பாத்துட்டுச் சிரிச்சான். இந்த வருசமும் அப்படிப் போச்சுன்னா, எங்க வூட்டுக்காரு நெலத்தக் குத்தகைக்கு வுட்டுட்டு என்னையும் பெங்களூருக்கு வரச் சொல்லிருவாரு. நான் போவமாட்டன்.”

4. செவ்வாய்க்கிழமை

“அப்ப நடுவுல எடுப்போம் அக்கா. இப்பவே.”

“தோண்டறதுக்கென்ன, தோண்டு. ஆனா எடுத்துக்கிட்டுப் போவக் கூடாது. இன்னிக்கிச் செவ்வாக்கெழம.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. முன்பு பைகளை வாங்கியது ஒரு வியாழக்கிழமை. அதனால் இப்படி ஒரு தடை இருப்பது தெரியாமலே போயிருந்தது.

“செவ்வா வெள்ளியில எங்க அண்ணி பக்கத்து வூட்டுக்கு உப்புகூடக் குடுக்காது. மண்ணா குடுக்கும்? ஒங்க சாரே வந்து கால்ல வுழுந்தாலும் நடக்காது” என்றார் சின்னக்கண்ணு.

“நீ சும்மா இரு. அந்தப் புள்ள மொகம் ஏற்கெனவே வாடிக் கெடக்குது” என்ற அக்கா, என்னைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “நீ கோவிச்சுக்காத கண்ணு. இது மட்டும் என்னால முடியாது.”

எனக்குக் கோபம் வரவில்லை. கால அளவு மட்டுமே மனத்தில் ஓடியது. புதன் மாலைக்குள் சாருக்குப் பதில். அன்றே எடுத்துப்போனாலும் ஈர மண்ணை அப்படியே சோதிக்க முடியாது, நிழலில் உலர்த்தித்தான் சலிக்க வேண்டும் என்று எண்ணியபோது, வழியும் அதிலேயே இருப்பது தெரிந்தது.

“அக்கா, இன்னைக்கு எடுத்து, கலந்து, சாக்குல பரப்பி உங்க புளியமரத்து நெழல்லயே காயப் போடுவோம். ராத்திரி இங்கயே இருக்கட்டும். நாளைக்குப் புதன்கிழமை காலையில நான் வந்து எடுத்துக்கறேன். செவ்வாய்க்கிழமை ஒரு பொட்டு மண்ணும் உங்க நிலத்த விட்டுப் போகாது.”

அக்கா புளியமரத்தைத் திரும்பிப் பார்த்தார். “என் நெலத்து மண்ணு என் நெலத்துலயேதான படுத்துக்கிட்டு இருக்கும்?”

“ஆமாங்க.”

“அப்ப சரி. அத நானே பாத்துக்கறன்.”

“சாமிக்கும் வம்பில்ல, ஆபீசுக்கும் வம்பில்ல. பாப்பா வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே சின்னக்கண்ணு மற்ற நிலத்துக்காரர்களுக்கு ஃபோன் போட்டார்.

பிற்பகல் முழுவதும் நிலம் நிலமாக நடந்தேன். குழி வெட்டுவதில் நான் யாருக்கும் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. எங்கே வெட்டுவது என்பதற்கு மட்டும் முன்னே நடந்து காட்டினேன். பத்துச் சீவலையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகக் கோடிட்டு, எதிரெதிர்க் கால்பாகங்களை நீக்கி, மீதியை மறுபடி கலந்து அரைக் கிலோவாகக் குறைக்கும் முறையை ஒருவர் செய்ய மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அதை அவரவர் நிலத்து நிழலிலேயே சாக்கில் பரப்பினோம். மூன்று நிலங்களில் ஏற்கெனவே எரு பரப்பியிருந்தார்கள். அங்கே நான் மண் எடுக்கவில்லை. அவர்களுக்கு வருத்தந்தான், ஆனால் எரு கலந்த மண்ணை எடுத்தால், சாம்பல் கலந்த மண்ணை எடுத்ததற்கும் அதற்கும் வேறுபாடு இருக்காது.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் செய்தேன். பச்சியம்மாள் அக்காவின் நிலத்தில் நடுமண்ணுக்கு ஒரு சாக்கு. அவர் எனக்கு எடுத்துக் காட்டிய சனி மூலை மண்ணுக்கு வேறொரு சாக்கு. சார் கேட்பது எண்களை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

5. இரண்டு சாக்கு மண்

புதன்கிழமை காலையில் பைகளோடு பஸ் ஏறினேன். பஸ் நகர்ந்ததும் கண்டக்டர் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“என்னாம்மா இது?”

“மண்ணுங்க.”

“மண்ணா? இதுக்கு லக்கேஜ் போடறதா வேணாமான்னு எங்க ரூல்ஸ்ல இல்லியே.”

பின் இருக்கையிலிருந்து ஒருவர், “சித்தேரி மலைய இப்படித் தெனம் ஒரு மூட்டையா எடுத்தா ரோடு போடறது சுலபம்” என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். முந்தைய நாள் காலைக்குப் பிறகு அதுவே முதல் சிரிப்பு.

ரேவதி அக்கா மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, அக்காவின் நிலத்து இரண்டு பைகளை முதலில் எடுத்துக்கொண்டார். சலித்து, கரைசல் ஊற்றிக் குலுக்கி, வடிகட்டி, சாம்பல்சத்தை அளக்கும் ஃபிளேம் போட்டோமீட்டரின் முன் உட்கார்ந்தபோது சிவராஜ் சாரும் வந்து பின்னால் நின்றார். அவரை யாரும் அழைக்கவில்லை.

“மூலை மண்ணு. அதிகம்” என்றார் ரேவதி அக்கா. குழாயைத் தண்ணீரில் அலசிவிட்டு அடுத்ததை வைத்தார். “நடு மண்ணு. குறைவு.”

“இன்னொரு தடவ போடு” என்றார் சார்.

மறுமுறையும் அதேதான்.

“மீதிப் பையெல்லாம் போடு.”

எல்லாம் முடிய மாலையாயிற்று. எண்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. மலையோரத்துச் சரளை நிலம் ஒரு விதம். ஓடைக்கரைக் கருமண் ஒரு விதம். ஆனால் பெரும்பாலானவற்றில் சாம்பல்சத்து குறைவு. குச்சிக்கிழங்கு விளையும் ஊரில் இருக்க வேண்டிய முடிவுகள்.

சார் முன்னறைக்கு வந்தார். முந்தைய நாள் அவர் என்னைக் கேட்டபோது அங்கே இருந்த அத்தனை பேரும் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே சொன்னார்.

“பை நீ ரொப்பலம்மா. நேத்து நான் சொன்னது தப்பு.” பிறகு, “எப்படிம்மா கண்டுபுடிச்ச?” என்று கேட்டார்.

“சாம்பல்சத்துங்கற பேர்ல இருந்துதாங்க சார்.”

அவர் கார்டை எடுத்து அந்தச் சொல்லைப் பார்த்தார். “இத்தன வருஷமா பொட்டாஷ் பொட்டாஷ்னே சொல்லிட்டிருக்கேன். அர்த்தம் கார்டுல இருந்திருக்கு.”

அந்த வாக்கியத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். இலக்கியம் படித்தவளுக்கு மண் பரிசோதனையில் என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டபோது என்னிடம் பதில் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

6. ஒரு வரி

“அந்தத் தாள்ல உடனே சேத்துடு. ‘வடகிழக்கு மூலையில் மண் எடுக்கக் கூடாது’. இன்னைக்கே அடிச்சிடலாம்” என்றார் சார்.

“அப்படி எழுத வேண்டாங்க சார்.”

அந்த அலுவலகத்தில் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் முறை. காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன். வடகிழக்கு என்று எழுதினால் யாரும் தம் சனி மூலையை நினைக்க மாட்டார்கள். எனவே சனி மூலை என்றே எழுத வேண்டும். ஆனால் சாமி கும்பிடும் இடத்தை எருக்குவியலுக்கும் கிணற்றோரத்துக்கும் பக்கத்தில் நிறுத்தி, ‘கூடாது’ என்ற சொல்லையும் போட்டால், அந்தத் தாளை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அவர்கள் செய்தது அசுத்தமான இடத்தில் எடுத்த பிழை அல்ல. உயர்ந்த இடத்தில் எடுத்த பிழை. இரண்டையும் ஒரே சொல்லால் விலக்க முடியாது.

“சரி, நீயே எழுது.”

அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். பல தாள்கள் கசங்கின. கடைசியில், பட்டியலுக்கு மேலே தனியாக நிற்கும்படி இந்த வரியை எழுதினேன்:

‘சனி மூலையைச் சாமிக்கு விட்டுவிட்டு, நிலத்தின் மற்ற பகுதிகளில் பத்து இடங்களில் மண் எடுக்கவும்.’

சார் இரண்டு முறை படித்தார். “‘சாமிக்கு விட்டுவிட்டு’... இது சயின்ஸ் இல்லையேம்மா.”

“மண் சரியான இடத்துல இருந்து வரும் சார்.”

பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “அடி” என்றார்.

உனக்கு, என் இடத்துக்கு வரப்போகிறவளுக்கு, நான் சொல்ல வேண்டியது இதுதான். மண்ணை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்காதே. எடுத்துக் காட்டச் சொல்லி, வாய் திறக்காமல் பார். முறையை நீ சொல்லிக்கொடுக்கலாம். அந்த முறையை அவர்கள் எந்த இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதை உடன் நடந்தால்தான் அறிய முடியும். மேலும், எல்லா எண்களும் ஒன்றுபோல் வந்தால் ஆளைச் சந்தேகிக்கும் முன் பழக்கத்தைத் தேடு.

மறுநாள், வியாழக்கிழமை காலை, முதல் பஸ்ஸில் போய் ஊர் முகப்பில் இறங்கினேன். உரம் எடுக்கும் வண்டி புறப்படத் தயாராக நின்றது. வண்டியின் பின்கதவில் கார்டுகளை அடுக்கி வைத்து, ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு வாசித்தேன். எரு பரப்பிய மூவருக்கும், அறுவடைக்குப் பின் மையத்திலிருந்து வந்து எடுப்பார்கள் என்று சொன்னேன்.

பச்சியம்மாள் அக்கா தம் கார்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். “சாம்பல்சத்து, குறைவு. அப்ப போன வருசம் வெரல் தண்டியாப் போனது இதாலதானா?”

“இதுவும் ஒரு காரணம்னு சார் சொல்றாருங்க. பொட்டாஷ்ல பாதிய இப்ப போடுங்க. மீதிய மூணாம் மாசம், மண்ணணைக்கும்போது.”

“கேட்டுக்கிட்டியா சின்னக்கண்ணு? எனக்கும் பொட்டாஷ் சேத்து ஏத்திக்கிட்டு வா. மறந்துட்டு வந்து பல்ல இளிக்காத.”

சின்னக்கண்ணு அதைக் கேட்கவில்லை. கார்டுகளோடு நான் கொடுத்திருந்த புதிய அச்சுத் தாளை அவர் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். முதல் வரியை முடித்ததும் நிறுத்தி, மறுபடியும் படித்தார். வண்டியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“சாமிக்கு வுட்டுட்டு எடுங்கன்னு போட்டிருக்குது அண்ணி! ஆபீசுத் தாளு மாரியே இல்லியே. எழுதுனது ஒங்க சாரா பாப்பா?”

வழக்கமாக இத்தகைய கேள்விகளுக்கு ‘ஆபீஸ்ல எழுதினது’ என்று சொல்லிவிடுவேன்.

“இல்லைங்க. நான் எழுதினேன்” என்றேன்.